தெருப் பேரைச் சொன்ன கேசட்

செப். 6, 1987, ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவது போல் காட்டிவிட்டுக் கல்வராயன் மலைப் பக்கமே நின்றுவிட்டது. டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். பஞ்சு முழுக்கப் பழுப்பு. ஊர் சனம் கொண்டுவரும் மட்டமான கேசட்டின் துரு பூராவும் என் மெஷினில்.

கடைக்கு இன்று லீவு. அதனால்தான் வேலை நடந்தது. மற்ற நாளெல்லாம் செய்வது வேலையா? அதே பத்து சினிமாப் பாட்டைக் கள்ளக்குறிச்சியில் உள்ள அத்தனை பேருக்கும் பதிந்து கொடுப்பது. நேற்று ஒருவன் ஒரே பாட்டை ஒரு பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பதியச் சொன்னான். பதிந்தேன். வயிறு இருக்கிறதே.

இந்த மாதச் சுற்றுக் கேசட் முடிந்தது. ஏ பக்கம்:

ரங்கூன் இசைத்தட்டு. அங்கிருந்து திரும்பிய ஒரு வீட்டில் ட்ரங்குப் பெட்டியில் கிடந்தது. பாடுவது பர்மாக்காரப் பெண். ஒரு வார்த்தை புரியவில்லை. கீறல் ஜாஸ்தி. குரல் அப்படி.

பாண்டிச்சேரி பழைய பேப்பர் கடையில் எடுத்த பிரெஞ்சுத் தட்டு. அக்கார்டியன்.

மெட்ராஸ் கல்லூரிப் பையன்கள் நாலு பேர் சொந்தக் காசில் போட்ட கிட்டார் பாட்டு. சுருதி நிற்கவில்லை. ஆனால் யாரையும் காப்பி அடிக்கவில்லை, அதுவே பெரிசு.

மலையில் சாமைக் கொல்லையில் களை எடுக்கிற பெண்கள். ஸ்டெல்லா டீச்சர் பதிந்து அனுப்பியது. ஒருத்தி நடுவில் பிள்ளையைத் திட்டுகிறாள், அதை வெட்டவில்லை.

கோவிந்தசாமி அண்ணன் வீட்டு நாடகத் தட்டு. ஆர்மோனியக்காரர்தான் அதில் ராஜா.

கடைசியில் சேவியரின் அப்பா, அவர் இருந்தபோது சேவியரே பதிந்தது.

நாங்கள் நாலே பேர். கேசட் இங்கிருந்து பஸ் கண்டக்டர் கையில் வெள்ளிமலை ஏறும், அங்கே பள்ளிக்கூடத்தில் ஸ்டெல்லா டீச்சர். இறங்கிக் களமருதூர், ரைஸ் மில்லில் மோட்டார் பார்க்கும் சேவியர். பிறகு நைனார்பாளையம், கரும்பும் நெல்லுமாக இருக்கிற கோவிந்தசாமி அண்ணன். திரும்ப எனக்கு. பி பக்கம் காலி. கேட்டவர்கள் தங்கள் டேப்பில் போட்டு, கேட்டதைப் பற்றி அதில் பேசி அனுப்ப வேண்டும். கேசட்டில் யாரும் தன் பேர் சொல்வதில்லை. ஊர்ப் பேர்தான் பேர். "களமருதூராரே, அந்தக் கிளாரினெட் கேட்டீங்களா" என்று நைனார்பாளையம் கேட்கும். நான் வைத்த வழக்கம் அது. ரெண்டு வருஷமாக நடக்கிறது. மூவரையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

சேவியரின் அப்பா பாட்டுக்கு முன்னால் வழக்கத்தை மீறி முழு விவரமும் சொன்னேன். "அடுத்து, களமருதூர் கிழக்குத் தெரு, காலஞ்சென்ற மரியசூசை அவர்கள் பாடிய சிலுவைப்பாட்டு, தெருக்கூத்து மெட்டில்." தட்டில் வருகிற ஆளுக்கெல்லாம் கம்பெனிக்காரன் பேரும் ஊரும் அச்சடித்து ஒட்டுகிறான். இந்த மனிதருக்கு யார் ஒட்டுவது? என் குரல் நன்றாக வந்திருந்தது. ரேடியோ மாதிரியே.

மாவு புளித்துவிட்டது என்று வீட்டுக்காரி செல்வி கத்தல்.

செப். 8, செவ்வாய்

கேசட் மலைக்குப் போனது.

மத்தியானம் எங்கள் சாதிச் சங்கத்து ஆட்கள் நாலு பேர். இட ஒதுக்கீட்டுக்கு அடுத்த வாரம் வியாழன் முதல் ரோடு மறியல், ஏழு நாள். ஊர் ஊராகக் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் போடக் கோஷக் கேசட் வேண்டுமாம். கோஷத்துக்கு நடுவே என்ன பாட்டு என்று கேட்டேன். நல்ல தவில் தட்டு ஒன்று இருக்கிறது, போட்டுக் காட்டினேன். அது சாவுக்குப் போடுறா மாதிரி இருக்குது என்றார்கள். சினிமாப் பாட்டே போட்டேன்.

"நீ நம்ம ஆளு, தனியா சொல்லணுமா" என்றார் பெரியவர். சொல்ல வேண்டாம்தான். கேட்பது நியாயம். எங்கள் சனத்தில் பத்தாவது தாண்டியவனை விரல் விட்டு எண்ணலாம். அண்ணன் மகன் மார்க் வைத்தும் சீட் கிடைக்காமல் மாடு ஓட்டுகிறான். எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் இந்த நாலு பேர் முகத்தைப் பார்த்தால் சீட்டுக் கேட்கப் போகிறவர்கள் மாதிரி இல்லை.

டெக் பெல்ட் தளர்வு. சேலத்தில்தான் கிடைக்கும்.

செப். 12, சனி

ஸ்டெல்லா டீச்சர் சம்பளம் வாங்க இறங்கி வந்தவர் கடைக்கும் வந்தார். கேசட்டை நேற்றே களமருதூருக்கு அனுப்பிவிட்டாராம். ரங்கூன் பாட்டை விடுதிப் பிள்ளைகளுக்குப் போட்டாராம், பிள்ளைகள் அர்த்தம் கேட்கவில்லையாம், கூடவே பாட ஆரம்பித்துவிட்டார்களாம். இதுக்குத்தான் கடை வைத்தேன் என்று தோன்றியது. அந்தச் சந்தோஷம் டீ ஆறுவதற்குள் போயிற்று.

"தெருவ எதுக்கு சார் சொன்னீங்க?"

மரியாதைக்கு என்றேன். பாடினவருக்கு முகவரி வேண்டாமா என்றேன். டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்க தெருவ எந்தக் கேசட்லயாவது சொல்லிருக்கீங்களா? எங்க தெருவ நான் சொல்லிருக்கனா? ஊரைச் சொன்னா பாட்டு கேப்பாங்க சார். தெருவச் சொன்னா ஆளைக் கேப்பாங்க."

பாட்டில் என்ன டீச்சர் சாதி என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. கோவிந்தசாமி அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை, களமருதூர் குரல் என்றால் அவருக்கு உயிர் என்று வாதம் செய்தேன். குரல் என்றால் உயிர்தான், நானும் அதைத்தான் சொல்கிறேன் என்றார். வியாழனுக்குள் மலை ஏறிவிடுகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

வாத்தியார் புத்தி. எல்லாவற்றிலும் தப்புக் கண்டுபிடித்துச் சிவப்பு மை போட வேண்டும்.

செப். 14, திங்கள்

லேசாகத் தூறல். சேவியர் வந்தான். புதுச் சட்டை, மடிப்புக் கலையவில்லை. கேசட் பையில். அப்பா பாட்டை மில்லில் வேலை முடிந்ததும் தனியாகப் போட்டுக் கேட்டானாம். கேட்டேன் என்று மட்டும் சொன்னான்.

போன சுற்றில் பி பக்கம் நைனார்பாளையம் கூப்பிட்டது அல்லவா. "களமருதூராரே, எங்க அப்பா காலத்து கிராமபோனு இங்க இருக்குது. கேசட்ல இன்னாத்துக்கு, நேரா வந்து ஊசிச் சத்தத்தோட கேட்டுட்டுப் போங்க. நம்ம வூட்லதான் சாப்பாடு." அதற்குத்தான் போகிறான். புதன் சாயங்காலம். மில்லில் லீவு சொல்லிவிட்டான். இந்தத் தடவை கேசட்டை அவனே கையில் கொடுப்பானாம்.

"தெருவெல்லாம் சொல்லிருக்கீங்கண்ணே" என்றான்.

"ஏன், தப்பா?"

"தப்பு இன்னா. மறைக்க இன்னா இருக்குது. ரெண்டு வருஷமா பேசிகினு இருக்கோம், அவருக்குத் தெரியாமலா இருக்கும்."

தெரியாது என்று எனக்குத் தெரியும். கேட்டால்தானே சொல்ல, களமருதூரில் எந்தத் தெரு என்று அண்ணன் கேட்டதே இல்லை. நான் வாயைத் திறந்து, போகாதே என்று சொல்லவில்லை. மறியலுக்கு முன்னால் ராத்திரி பஸ்ஸிலேயே திரும்பிவிடு என்று மட்டும் சொன்னேன். டீச்சர் தப்பு என்று நிரூபிக்க ஆசை. அதற்கு அவன் போக வேண்டியிருந்தது.

செப். 17, வியாழன்

விடிவதற்கு முன்பே கோடாலிச் சத்தம். சேலம் ரோட்டில் புளியமரங்கள் ஒவ்வொன்றாக. பஸ் இல்லை. பால் இல்லை. கடையைத் திறக்காதே என்று மச்சான் வந்து சொல்லிவிட்டுப் போனார். திறக்கவில்லை.

சேவியர் ராத்திரியே திரும்பினானா தெரியவில்லை. நேற்று ஒன்பதரை பஸ்ஸே ஓடவில்லை என்கிறார்கள்.

தெரு முனையில் குழாய். என் கேசட்தான். வோல்டேஜ் இறங்கும்போது கோஷம் இழுத்துக்கொண்டு அழுகிறது. மற்றபடி பதிவு படு தெளிவு.

செப். 19, சனி

வீட்டிலேயே. எங்கோ துப்பாக்கிச் சூடு என்று பேச்சு. ஆளுக்கு ஒரு கணக்கு, ஒரு ஊர்ப் பேர். வடக்கே காலனிகளில் தீ என்றும் பேச்சு. எந்தக் காலனி என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. செல்வி மட்டும் கேட்டாள்: "அந்த மில்லுகார தம்பி ஊரு போயி சேந்துச்சாமா?"

கிராமபோன் முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு இருப்பார்கள், மறியல் முடியும்வரை அண்ணன் அவனை விடமாட்டார் என்றேன். சொன்னபோது நானே நம்பினேன்.

அரிசி இருக்கிறது. மண்ணெண்ணெய் கம்மி.

செப். 21, திங்கள்

மழை. வெட்டிப் போட்ட மரத்தில் இலை இன்னும் வாடவில்லை. மச்சான் சொன்னது: வருகிறவன் போகிறவனை நிறுத்தி எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுத்தான் விடுகிறார்களாம். பெருமையாகச் சொன்னார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

செப். 24, வியாழன்

பஸ் இரண்டு ஓடியது, ஊர்ந்து ஊர்ந்து. கடை திறந்தேன். அலமாரிக்குப் பின்னால் எலி குட்டி போட்டிருக்கிறது. முதல் கிராக்கி அதே பத்துப் பாட்டு கேட்டான். ஊரில் ஒன்றுமே நடக்காத மாதிரி.

செப். 26, சனி

கோவிந்தசாமி அண்ணன் வந்தார். ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை வாசலிலேயே நிறுத்தி, கேசட்டை மேசைமேல் வைத்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். என்மேல் கோபம் இல்லையாம், வருத்தமாம்.

அவர் சொன்னதை வரிசையாக எழுதுகிறேன். புதன் சாயங்காலம் சேவியர் வந்தான். அண்ணன் வாசலுக்கே போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து கூடத்தில் உட்கார வைத்தார். காப்பி. குரலைக் கேட்டதும் வீட்டுப் பிள்ளைகளுக்கே சந்தோஷம், இவங்கதான் அவங்களா என்று. கிராமபோனில் நாலு தட்டுப் போட்டார்கள். பிறகு புதுக் கேசட். ரங்கூன் பாட்டை அண்ணன் இரண்டு முறை திருப்பிப் போடச் சொன்னார். எல்லாம் நல்லபடி. கடைசியில் என் குரல். களமருதூர் கிழக்குத் தெரு. அண்ணனின் பெரியப்பா உள்ளிருந்து வந்தார், பெண் கொடுத்து எடுத்த வகையில் களமருதூரில் ஒவ்வொரு தெருவும் அவருக்கு அத்துப்படி. ஒன்றும் கேட்கவில்லை. டேப்பைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். பாட்டு ஓடிக்கொண்டு இருந்தது. அண்ணன் எழுந்து நிறுத்தினார். கொட்டகையில் காற்றாட உட்காரலாம் என்று மோட்டார் கொட்டகைக்கு அழைத்துப் போனார். சாப்பாடு அங்கேயே அனுப்பினார். இவர் போகவில்லை. விடிகாலை ஆள் இல்லை. சாப்பாடு மூடியபடி இருந்தது.

"நாற்காலிய வேற வூட்ல கழுவிப்புட்டாங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு" என்றார். உண்மையாகவே முகம் வாடியிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன்.

"அந்த ஆளு மேல எனக்கு ஒண்ணும் இல்லப்பா. நீ தெருவச் சொல்லாம வுட்டிருந்தா ரெண்டு பேரும் இன்னமும் கேட்டுகினு இருந்திருப்போம்."

டீச்சர் சொன்னதையே இவரும் சொல்கிறார். நான் தலையாட்டினேன். ஆட்டினேன், அவ்வளவுதான். அவன் ஊர் போய்ச் சேர்ந்தானா என்று கேட்டேன். தெரியாது என்றார். சாப்பிடாமப் போனதுதான் மனசுக்குக் கஷ்டம் என்றார்.

அவர் போனதும் பி பக்கம் போட்டேன். டீச்சர் பேசியிருக்கிறார். சேவியர் பேசியிருக்கிறான், பிரெஞ்சுத் தட்டைப் பற்றி, சிரித்துக்கொண்டே. பிறகு அண்ணன். ஒவ்வொரு பாட்டாகப் பாராட்டு. ஐந்தோடு நிறுத்திக்கொண்டார். ஆறாவது ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அதையும் அதே குரலில்.

செப். 29, செவ்வாய்

சேவியர் வந்தான். உயிரோடு. எழுத உட்கார்ந்தால் முதலில் அதுதான் வருகிறது. பாதத்தில் துணிக் கட்டு. அதே சட்டை, துவைத்தும் பால் கறை மாதிரி மரப்பிசின் போகவில்லை.

உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே இருந்தான். ரொம்ப நேரம் கழித்து உட்கார்ந்தான்.

விடிகாலையில் கொட்டகையை விட்டு வரப்பு வழியாகவே நடந்திருக்கிறான். சின்னசேலம் தாண்டி மறித்துவிட்டார்கள். எந்த ஊரு, எந்தத் தெரு. நைனார்பாளையம் கோவிந்தசாமி வூட்டு விருந்தாளி என்று சொல்லிவிட்டான். உடனே மரியாதை. நம்ம ஆளு என்று தோளில் கை போட்டு, ஒரு கயிற்றைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். மத்தியானம்வரை அவர்களோடு மரம் இழுத்திருக்கிறான். சோறு போட்டார்களாம், ஒரே பந்தியில். கோஷமும் போட்டானாம்.

"வாய் வுட்டுத்தான் போட்டேன். அந்தக் குழாய்ல வந்துதே, அதே கோஷம். உங்க பதிவுதானே, எனக்குத் தெரியும்ணே, அந்த சினிமாப் பாட்டு நடுவுல ஒரு இடத்துல உங்க டெக்கு லேசா இழுக்கும்."

பெல்ட். இன்னும் மாற்றவில்லை.

அன்று சாயங்காலம் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தானாம். கால் வெடித்து ரத்தம். என் கடைக்கு வந்திருக்கிறான். பூட்டு. பக்கத்தில் கேட்கப் பயம்.

"ஏன்டா வீட்டுக்கு வரலை?"

"உங்க வூடு எந்தத் தெருன்னு நீங்க சொன்னதே இல்லியே."

குத்தலாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சாக்கடை ஓரம் படுத்திருந்து, மறுநாள் நடந்து, அதற்கு மறுநாள் ஊர். நான் வீட்டில் அரிசி இருக்கிறது, மண்ணெண்ணெய் கம்மி என்று எழுதிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

மன்னிச்சுடு என்றேன். அவன் வந்தது வேறு வேலைக்கு.

"எங்கப்பா பாட்ட அழிச்சிடுங்கண்ணே."

அவன் வைத்திருந்ததை வீட்டிலேயே நாடாவை உருவிப் போட்டுவிட்டானாம். நான் பேசிப் பார்த்தேன். அப்பா போய்விட்டார், இந்தக் குரல் மறுபடி வராது, இந்த மெட்டில் பாட இனி ஆள் கிடையாது, எவனோ செய்ததற்கு அப்பா என்ன செய்வார் என்றெல்லாம்.

"அவரு பெரிய வெள்ளிக்கிழமை பாட ஆரம்பிச்சா ஆண்டவரை இறக்கி வெக்கிற வரைக்கும் நிறுத்த மாட்டாருண்ணே. தண்ணி கூட குடிக்க மாட்டாரு. அந்த வூட்ல நடுவுல பட்டுனு அமுத்திட்டாங்க. நான் பாத்துகினே உக்காந்திருந்தேன். இனிமே எவனும் எங்கப்பாவ பாதியில நிறுத்தக் கூடாது."

சுற்றுக் கேசட்டை டெக்கில் போட்டேன். ஏ பக்கம் அழியாமலிருக்க முதுகில் உடைத்து வைத்திருந்த ஓட்டையில் பேப்பர் ஒட்டி, எந்த ஒயரும் மாட்டாமல், ரெக்கார்டை அமுக்கினேன். அழிப்பதற்குக் குறுக்கு வழி இல்லை. பாட்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் ஓட வேண்டும். இருவரும் உட்கார்ந்து இருந்தோம். சக்கரம் சுற்றியது. சத்தம் இல்லை. அவன் உதடு மட்டும் அசைந்தது, எந்த அடி போகிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. முடிந்தது என்று நானாகப் பார்த்து நிறுத்தப் போனேன். கையைத் தடுத்து, இன்னும் ஒரு அடி இருக்குது என்றான். இருந்தேன். அதுவும் போனது.

என் குரலை விட்டுவிட்டோம். களமருதூர் கிழக்குத் தெரு என்று சொல்கிறது. அப்புறம் ஒன்றும் இல்லை.

"வேற எதுலயாவது இருக்குதாண்ணே?"

இல்லை என்றேன்.

சரி என்றான். அடுத்த சுற்றில் அவன் இல்லையாம். டீச்சருக்கு மட்டும் சொல்லிவிடச் சொன்னான். நொண்டிக்கொண்டே படி இறங்கினான்.

அக். 1, வியாழன்

வானம் மூட்டம். சேலத்திலிருந்து பெல்ட் வந்தது. மாற்றினேன்.

இருக்கிறது. சுற்றுக் கேசட் தயார் செய்யுமுன் எல்லாவற்றையும் நல்ல நாடாவில் ஒரு தரம் எடுத்து வைப்பது என் பழக்கம், அதில் இருக்கிறது. அவனிடம் பொய் சொன்னேன். பாட்டைக் காப்பாற்றத்தான் என்று எழுத வந்தேன், எழுதினால் எனக்கே சிரிப்பாக வருகிறது. எனக்கு அந்தப் பாட்டு வேண்டும், அவ்வளவுதான். அவன் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

கிராக்கி இல்லாத நேரம். புது பெல்ட்டில் சுருதி எப்படி நிற்கிறது பார்ப்போம் என்று அதைத்தான் போட்டேன். கிழவர் எடுத்ததுமே உச்சத்தில் எடுக்கிறார். நல்ல பாட்டு. இதைவிட நல்லதாக நான் ஒன்றும் கண்டுபிடித்ததில்லை, இனியும் மாட்டேன். முழுதாகக் கேட்டுவிடுவது, நடுவில் எழுவதில்லை என்று உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் ராஜ்தூத். "இன்னாப்பா, அடுத்த கேசட்டு எப்போ?" என்று கேட்டுக்கொண்டே கோவிந்தசாமி அண்ணன் படி ஏறினார்.

நிறுத்தினேன்.